ஆன்மாவின் நடைப்பயிற்சி



சில ஆண்டுகளுக்கு முன் என் இரத்தத்தில் சர்க்கரையின் அளவு கூடியிருப்பதாக மருத்துவர் சொன்னார். மாத்திரைகளை எழுதிக் கொடுத்துவிட்டு, "ஃபாதர், மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதியை உங்க கால்தான் செய்யணும். தினமும் முக்கால் மணி நேரம் நடங்க" என்றார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். முதல் வாரம் ஒழுங்காக நடந்தேன். இரண்டாம் வாரம் ஓர் அடக்கப் பூசை, அடுத்து பங்குப் பேரவைக் கூட்டம், அதன் பிறகு மழை. காரணங்களுக்குப் பஞ்சமில்லை. மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது சர்க்கரை இறங்கவில்லை. "நடந்தீங்களா?" என்று கேட்டார். "நேரம் கிடைக்கும்போது நடந்தேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "உங்க மக்கள் நேரம் கிடைக்கும்போது பூசைக்கு வர்றேன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்த மருத்துவர் கிறிஸ்தவர் அல்லர். ஆனாலும் அன்று அவர் எனக்கு ஒரு சிறிய மறையுரை ஆற்றிவிட்டார். உடலுக்கு எது உண்மையோ அதுவே ஆன்மாவுக்கும் உண்மை. நேரம் கிடைக்கும்போது செய்வதால் எந்த வலிமையும் வளர்வதில்லை. இதை நான் அதற்கு முன்பே, வேறொரு வீட்டுத் திண்ணையில் கற்றிருக்க வேண்டும். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒரு தாயிடம் கற்ற பாடம்

அப்போது நான் கடலோரப் பங்கு ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். கோவிலுக்குப் புதுக் கூரை போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. சிமெண்ட், கம்பி, கொத்தனார் கூலி, வசூல் கணக்கு என்று நாள் முழுவதும் ஓட்டம். காலைத் தியானத்தை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. திருப்புகழ்மாலையை இரவில், தூக்கம் வழியும் கண்களோடு, வேகவேகமாகப் புரட்டி முடிப்பேன். "கடவுளுடைய வேலையைத்தானே செய்கிறேன்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த நாள்களில் ஒருநாள், கடலுக்குப் போன ஒரு படகு கவிழ்ந்தது. நான்கு பேரில் மூவர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். ஒருவர் வரவில்லை. அவருடைய தாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். செய்தி கேட்டு அந்த வீட்டுக்கு ஓடினேன். முற்றம் முழுவதும் சனம். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். குருமடத்தில் துன்பத்தைப் பற்றி இறையியல் படித்தவன் நான். எத்தனையோ அடக்கப் பூசைகளில் ஆறுதல் சொன்னவன். ஆனால் அன்று என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் வறண்டு கிடந்தது.

அந்தத் தாய்தான் என் கையைப் பிடித்து, "சாமி, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். மாலைய எடுங்க, சேர்ந்து சொல்லுவோம்" என்றார். செபமாலை தொடங்கினோம். இறைவனின் திருவுளம் நிறைவேற வேண்டும் என்று கேட்கும் இடம் வந்தபோது அவர் குரல் நின்றுவிட்டது. வீடே அமைதியானது. சற்று நேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மூன்றாம் நாள் மகனின் உடல் கரை ஒதுங்கும் வரை, மூன்று இரவும் அந்த வீட்டில் செபமாலை நிற்கவில்லை. அந்த நாள்களில் ஆயர் என்று சொல்லப்பட்டவன் நான். ஆனால் மந்தையைத் தாங்கியவர் அவர்.

பல மாதங்களுக்குப் பிறகு, "எப்படியம்மா உங்களால் முடிந்தது?" என்று அவரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. "எனக்கு என்ன சாமி தெரியும்? கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து மாமியாரோட உட்கார்ந்து தினமும் மாலை சொன்னேன். பல நாள் தூங்கி விழுந்துக்கிட்டேதான் சொல்லியிருக்கேன். அன்னைக்கு வாயில வந்தது அதுதான். வேற ஒண்ணும் வரல."

அவருக்கு வலி இல்லாமல் இல்லை. கடவுள்மீது கோபமும் வந்தது. சில வாரங்கள் பூசைக்கு வந்தும் நன்மை வாங்காமல் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் கோவிலுக்கு வருவதை நிறுத்தவில்லை. ஆன்ம வலிமை என்றால் அழாமல் இருப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். அழுதுகொண்டே இறைவனை விட்டு விலகாமல் இருப்பதையே அந்தத் தாயிடம் நான் கண்டேன். அந்த வலிமை, ஒன்றும் நடக்காத சாதாரண நாள்களின் மாலைவேளைகளில், அரைத் தூக்கத்தில் சேர்ந்த வலிமை.

பவுலடியார் கண்ட விளையாட்டுக் களம்

இந்த உண்மையைத் திருத்தூதர் பவுல் நன்கு அறிந்திருந்தார். அவர் ஒன்றரை ஆண்டுகள் தங்கிக் கூடாரத் தொழில் செய்துகொண்டே நற்செய்தி அறிவித்த ஊர் கொரிந்து (திப 18:1-11). அந்த நகருக்கு அருகில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மியா விளையாட்டு விழா நடைபெற்றது. ஓட்டம், மற்போர், குத்துச்சண்டை எல்லாம் உண்டு. வென்றவருக்குப் பொன்னோ பொருளோ பரிசல்ல. தலையில் சூட ஒரு தழைமுடி மட்டுமே. ஒரு காலத்தில் பைன் மரத்தழையாலும், வேறொரு காலத்தில் வாடிய செலரிக் கீரையாலும் அதைச் செய்தார்கள்.

கொரிந்து மக்களுக்குப் பழக்கமான இந்தக் காட்சியைத்தான் பவுலடியார் கையில் எடுக்கிறார் (1 கொரி 9:24-27). வாடிப்போகும் முடிக்காகவே ஒரு வீரர் இவ்வளவு கட்டுப்பாட்டோடு வாழ்கிறார் என்றால், வாடாத முடியை நாடும் நாம் எவ்வளவு பயிற்சி செய்ய வேண்டும் என்பது அவர் கேள்வி. அத்தோடு தன்னைப் பற்றிய ஓர் அச்சத்தையும் அவர் மறைக்கவில்லை. மற்றவர்களுக்கு அறிவித்துவிட்டுத் தானே தகுதியற்றவனாகிவிடக் கூடாதே என்று அஞ்சுகிறார். கூரை வேலையில் மூழ்கியிருந்த எனக்காகவே எழுதப்பட்டது போன்ற பகுதி அது.

இளம் ஆயரான திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட திருமுகத்திலும் இதே கருத்து வருகிறது. உடற்பயிற்சிக்கு ஓரளவு பயன் உண்டு, இறைப்பற்றில் பெறும் பயிற்சிக்கோ இம்மையிலும் மறுமையிலும் பயன் உண்டு என்பது அதன் பொருள் (1 திமொ 4:7-8). பயிற்சி என்பதற்கு அங்கே வரும் கிரேக்கச் சொல், விளையாட்டு வீரர்களின் பயிற்சிக் கூடத்தோடு தொடர்புடைய சொல். ஜிம் என்று இன்று நம் இளைஞர்கள் சொல்லும் சொல்லுக்கும் அதுவே வேர்.

கெத்சமனியில் இரு வகை மனிதர்

பயிற்சி பெற்ற ஆன்மாவும் பெறாத ஆன்மாவும் நெருக்கடியில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கெத்சமனியில் பார்க்கிறோம். இயேசு பாடுபடுவதற்கு முந்தின இரவு ஒலிவ மலைக்குச் சென்றதைச் சொல்லும் லூக்கா, அது அவருடைய வழக்கம் என்பதையும் சேர்த்தே குறிப்பிடுகிறார் (லூக் 22:39). அந்த இரவுக்காக மட்டும் அவர் செபிக்கப் போகவில்லை. கப்பர்நாகூமிலும் விடியற்காலையில், இருள் நீங்குமுன் எழுந்து தனிமையான இடத்தில் செபித்தவர் அவர் (மாற் 1:35). வழக்கமாகச் சென்ற பாதையிலேயே அந்தக் கடின இரவிலும் அவருடைய கால்கள் சென்றன. அச்சமும் துயரமும் அவரையும் சூழ்ந்தன. ஆனாலும் அவர் செபத்தில் நிலைத்து நின்றார்.

பேதுருவோ உயிரையும் கொடுப்பேன் என்று வாக்களித்தார். அந்த வாக்கு பொய்யல்ல, உண்மையான அன்பிலிருந்து வந்தது. ஆனால் ஒரு மணி நேரம் விழித்திருக்க அவரால் முடியவில்லை. சில மணி நேரம் கழித்து, ஒரு பணிப்பெண்ணின் கேள்விக்கு முன்னால் அவர் விழுந்துவிட்டார். உள்ளத்தில் ஆர்வம் இருந்தும் வலுவில்லாமல் போவது இதுதான். நம்மில் பலரும் பேதுருவைப் போன்றவர்கள். தியானத்தின் கடைசி நாளில் கண்ணீரோடு வாக்குறுதி கொடுக்கிறோம். திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில், கடைவீதியில், சொந்த வீட்டிலேயே விழுந்துவிடுகிறோம்.

முதலில் அப்பம், பிறகு நடை

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஆன்மீகப் பயிற்சி என்றவுடன், நம் முயற்சியால் விண்ணகத்தைச் சம்பாதித்துவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2018ஆம் ஆண்டு தூய வாழ்வைப் பற்றி எழுதிய திருத்தூது ஊக்கவுரையில், மனித முயற்சியை மட்டும் நம்பும் இந்தப் பழைய தப்பறை இன்றும் உயிரோடு இருப்பதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

இறைவாக்கினர் எலியாவை நினைத்துப் பாருங்கள் (1 அர 19:1-8). சோர்ந்து, சாக விரும்பி, சூரைச்செடியின் அடியில் படுத்துக்கிடக்கிறார். வானதூதர் அவரைத் திட்டவில்லை, எழுந்து நட என்று விரட்டவுமில்லை. முதலில் அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறார். எலியா உண்டு, மீண்டும் தூங்குகிறார். இரண்டாம் முறையும் உணவு கிடைக்கிறது. அந்த உணவின் வலிமையால்தான் அவர் நாற்பது பகலும் நாற்பது இரவும் ஓரேபு மலைவரை நடக்கிறார். உணவு இறைவனுடையது, கால் எலியாவுடையது. அப்பம் இல்லாமல் அவரால் நடந்திருக்க முடியாது. அப்பத்தை உண்டுவிட்டு அங்கேயே படுத்திருந்தாலும் மலையை அடைந்திருக்க முடியாது. நமக்கு அந்த அப்பம் நற்கருணை. விழுந்தவரைத் தூக்கிவிடும் கை ஒப்புரவு அருட்சாதனம். இவை இரண்டையும் விட்டுவிட்டுச் செய்யும் பயிற்சி, சாப்பிடாமல் ஓடுவதைப் போன்றது.

காலுடைந்த போர்வீரரின் பயிற்சிமுறை

ஆன்மாவுக்குப் பயிற்சி என்ற சொல்லைத் திருச்சபையில் நிலைபெறச் செய்தவர் புனித லொயோலா இஞ்ஞாசியார். 1521ஆம் ஆண்டு மே மாதம் பம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவர் காலைச் சிதைத்தது. படுக்கையில் கிடந்த நாள்களில் கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாற்றையும் புனிதர் வரலாறுகளையும் படித்தார். வீரப் புகழைப் பற்றிக் கனவு கண்டால் அப்போது இனிக்கிறது, பிறகு மனம் வறண்டுவிடுகிறது. புனிதர்களைப் போல வாழ்வதை எண்ணினாலோ பிறகும் அமைதி நிலைக்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனித்ததுதான் அவருடைய மனமாற்றத்தின் தொடக்கம். 1522-23இல் மன்ரேசாவில் தான் பெற்ற அனுபவத்திலிருந்து அவர் உருவாக்கத் தொடங்கிய ஆன்மீகப் பயிற்சிகள் நூலுக்கு, 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்தார். நடப்பதும் ஓடுவதும் உடலுக்குப் பயிற்சியாவது போல, ஆன்மாவைத் தயார்படுத்தும் செயல்கள் எல்லாம் ஆன்மீகப் பயிற்சிகள் என்று அந்நூலின் தொடக்கத்திலேயே அவர் விளக்குகிறார்.

அப்பயிற்சிகளை முழுமையாகச் செய்ய ஏறத்தாழ முப்பது நாள் தேவை. குடும்பத்தையும் வேலையையும் விட்டுவிட்டு எல்லாராலும் அப்படிப் போக முடியாது. ஆனால் அவர் கற்றுத்தந்த நாளாந்த ஆன்ம சோதனையை எல்லாரும் செய்யலாம். இரவில் படுக்குமுன் பத்து நிமிடம் போதும். அதில் ஐந்து படிகள் உண்டு.

1. நன்றி சொல்லுதல். இன்று பெற்ற நன்மைகளைப் பெயர் சொல்லி நினைவுகூருங்கள். பேருந்தில் இடம் கொடுத்தவர், வேளைக்குக் கிடைத்த சோறு, பிள்ளையின் சிரிப்பு எதுவாகவும் இருக்கலாம். குற்றத்தைத் தேடுவதற்கு முன் கொடையைப் பார்க்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

2. ஒளி கேட்டல். நம்மை நாமே பார்த்தால் ஒன்று சாக்குச் சொல்வோம், அல்லது சோர்ந்துபோவோம். ஆகவே, இறைவனுடைய கண்ணால் பார்க்க அருள் கேளுங்கள்.

3. நாளைத் திரும்பிப் பார்த்தல். காலை எழுந்தது முதல் ஒவ்வொரு மணி நேரமாக நினைத்துப் பாருங்கள். எண்ணம், சொல், செயல் என்று வரிசையாகப் பாருங்கள்.

4. மன்னிப்புக் கேட்டல். கண்ட தவறுகளுக்காக எளிமையாக மன்னிப்புக் கேளுங்கள். பாவமானவை இருந்தால் ஒப்புரவு அருட்சாதனத்துக்குக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. நாளைக்கான தீர்மானம். இறையருளின் துணையோடு நாளை எதைத் திருத்தப் போகிறேன் என்று ஒன்றே ஒன்றை மட்டும் முடிவு செய்து, விண்ணகத் தந்தையை நோக்கிய செபத்தோடு முடியுங்கள்.

ஒரே குறையை எடுத்துக்கொண்டு அதற்காகத் தனிச் சோதனை செய்யவும் இஞ்ஞாசியார் வழிகாட்டுகிறார். விழுந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி வைத்து, நேற்றையும் இன்றையும், போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார். நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். என் குறை, பங்கு அலுவலகத்துக்குச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களிடம் எரிந்து விழுவது. என் சட்டைப் பையில் இருந்த சிறிய அட்டையில் முதல் வாரம் பதினொரு புள்ளிகள். எனக்கே வெட்கமாகிவிட்டது. இரண்டாம் மாதத்தில் வாரத்துக்கு நான்காகக் குறைந்தது. சுழியம் இன்னும் வரவில்லை. ஆனால் என் கோபம் எப்போது வருகிறது என்று இன்று எனக்குத் தெரியும். பசியோடு இருக்கும் பன்னிரண்டு மணிக்கு வருகிறது. அதனால் பதினொன்றரைக்கே இரண்டு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு, நற்கருணை நாதரை ஒரு நிமிடம் சந்தித்துவிட்டு வந்து உட்காருகிறேன். சிரிக்கிறீர்களா? ஆன்மீகப் பயிற்சி பல நேரம் இவ்வளவு எளிமையாகத்தான் இருக்கும்.

வறட்சி வரும்போது

சில நாள் செபம் இனிக்கும். பல நாள் இனிக்காது. நடைப்பயிற்சியிலும் மூன்றாம் வாரம்தான் கடினம். அவிலா நகர் புனித தெரேசா, செபத்தின் மறைவல்லுநர் என்று போற்றப்படுகிறவர். அவரே தன் வாழ்க்கை வரலாற்றில், பல ஆண்டுகள் செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்ததாக ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். செபம் ஒரு போராட்டம் என்றே கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் கற்பிக்கிறது (எண் 2725).

இத்தகைய நேரங்களுக்கு இஞ்ஞாசியார் இரண்டு அறிவுரைகள் தருகிறார். முதலாவது, மனம் இருண்டிருக்கும் வேளையில் முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றாதீர்கள். இரண்டாவது, குறித்த நேரத்தைக் குறைக்கத் தோன்றினால், அதைவிடச் சற்றே கூடுதலாக நிலைத்திருங்கள். பத்து நிமிடம் என்று முடிவு செய்து ஏழாம் நிமிடத்தில் எழத் தோன்றினால், பதினொன்றாம் நிமிடத்தில் எழுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் நம் விருப்பம் வளைகிறது. அங்கேதான் வலிமை பிறக்கிறது.

முழங்காலில் நிற்க முடியாத முதியவர்களும், நோன்பு இருக்கக் கூடாத நோயாளிகளும் இதைப் படித்துக் கவலைப்பட வேண்டாம். மருத்துவர் சொன்ன உணவை வேளைக்கு உண்பதே உங்களுக்குக் கீழ்ப்படிதலின் பயிற்சி. 24 வயதிலேயே இறந்த லிசியே நகர் புனித தெரேசா, தியான நேரத்தில் தனக்குப் பின்னால் ஒரு சகோதரி எழுப்பிய சிறு சத்தத்தைத் திரும்பிப் பார்த்துக் கண்டிக்காமல் தாங்கிக்கொண்டதையே இறைவனுக்குக் காணிக்கையாக்கினார். மருத்துவமனைக் கட்டிலிலும் இப்படிப்பட்ட பயிற்சிக்கு இடம் உண்டு.

வலிமை யாருக்காக?

உடலை வளர்த்துக் கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொள்வது போல, ஆன்மாவை வளர்த்தும் அழகு பார்க்கலாம். பரிசேயருக்கு வந்த நோய் அது. வாரத்தில் இருமுறை நோன்பு இருந்தவருக்கு, பக்கத்தில் நின்ற வரிதண்டுபவர் சகோதரராகத் தெரியவில்லை (லூக் 18:9-14). நம் பயிற்சி பலன் தருகிறதா என்று அறிய வீட்டாரைக் கேளுங்கள். நான் செபிக்கத் தொடங்கிய பிறகு என் மனைவிக்கு என்னோடு வாழ்வது சற்று எளிதாகியிருக்கிறதா? மருமகள் என்னிடம் அச்சமின்றிப் பேசுகிறாளா? சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திவிட்ட அண்ணனின் வீட்டு வாசலை மிதிக்க என் காலுக்கு வலிமை வந்திருக்கிறதா?

முன்பு சொன்ன ஊக்கவுரையில் திருத்தந்தை பிரான்சிஸ் ஓர் இல்லத்தரசியைக் காட்டுகிறார். கடைக்குப் போன இடத்தில் புறணி பேசும் வாய்ப்பு வருகிறது, அவர் அதைத் தவிர்க்கிறார். வீட்டில் களைப்போடு இருக்கும்போதும் பிள்ளை பேசுவதை அமர்ந்து கேட்கிறார். கவலை வரும்போது செபமாலையைக் கையில் எடுக்கிறார். தெருவில் ஓர் ஏழையைக் கண்டு நின்று அன்பாகப் பேசுகிறார். இவை ஒவ்வொன்றும் தூய வாழ்வில் ஒரு படி என்கிறார் திருத்தந்தை (எண் 16). கிறிஸ்தவர் அனைவரும் தூய வாழ்வுக்கு அழைக்கப்பட்டவர்கள் என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது, இத்தகைய நாள்களை மனத்தில் கொண்டுதான்.

மணி ஓசை கேட்கிறதா?

நம் கடற்கரைக்கு 1542இல் வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், இஞ்ஞாசியாரிடமே ஆன்மீகப் பயிற்சிகளைப் பெற்றவர். அவர் கையில் மணியோடு ஊருக்குள் நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட செபங்களை நாள்தோறும் இருமுறை, ஒரு மாத காலம் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தந்தையருக்குக் கற்பித்தார்கள். இவற்றை 1544ஆம் ஆண்டு எழுதிய கடிதத்தில் அவரே விவரிக்கிறார். மகனை இழந்த அந்தத் தாய், மாமியாரோடு அமர்ந்து சொன்ன மாலையும் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான். யாரோ ஒருவர் சலிக்காமல் மணி அடித்ததால், நானூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு ஒரு வீடு இடிந்துவிழாமல் நின்றது.

இன்று அந்த மாலைவேளையைத் தொலைக்காட்சித் தொடரும் கைப்பேசியும் எடுத்துக்கொண்டுவிட்டன. புயல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த பிறகு பயிற்சியைத் தொடங்க முடியாது. எனவே, அன்பார்ந்தவர்களே, பெரிய தீர்மானங்கள் வேண்டாம். இன்று இரவு கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் அமருங்கள். நாளையும் அதே நேரத்தில், அதே இடத்தில் அமருங்கள். தூக்கம் வந்தாலும் பரவாயில்லை. ஒருநாள் தவறினால் மறுநாள் தொடருங்கள்.

நானும் இப்போது தினமும் காலை ஐந்து மணிக்கு நடக்கிறேன். முதலில் கோவிலுக்குள் அரை மணி நேரம் அமர்ந்துவிட்டு, பிறகு சாலையில் முக்கால் மணி நேரம். கையில் அந்தத் தாய் எனக்குக் கொடுத்த செபமாலை இருக்கிறது.

சிந்தனைக்கு

1. எனக்கு ஒரு பெரும் துன்பம் வந்தால், என் வாயில் முதலில் வரும் சொல் எதுவாக இருக்கும்?

2. தனிச் சோதனைக்கு ஒரே ஒரு குறையைத் தேர்ந்துகொள்வதாக இருந்தால், என் வீட்டார் எதைச் சுட்டிக்காட்டுவார்கள்?

3. என் பிள்ளைகள் நாற்பது ஆண்டுகள் கழித்தும் நினைவில் வைத்திருக்கக்கூடிய எந்தச் செபப் பழக்கத்தை நான் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன்?

செபிப்போம்: ஆண்டவரே, எங்கள் ஆர்வத்தை நீர் அறிவீர், எங்கள் வலுவின்மையையும் அறிவீர். நாள்தோறும் உம் அப்பத்தால் எங்களை ஊட்டி, சிறிய காரியங்களில் எங்களைப் பழக்கியருளும். கடினமான இரவு வரும்போது, வழக்கமான பாதையிலேயே எங்கள் கால்கள் உம்மிடம் வந்து சேரச் செய்தருளும். ஆமென்.